புங்கமரம் நின்ற வாய்க்கால்

ஸ்டெல்லா,

நீ என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. 'நல்லா இருக்கேன்', 'சாப்ட்டேன்', 'ம்' என்று போனில் வந்து விழுகிற செய்திகளை நான் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கப்பாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு உன்னிடமிருந்து போன் வந்துவிடுகிறது. அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அடுக்களையில் நான் இல்லாத மாதிரியே பேசுவார். நீயும் நான் கேட்கவில்லை என்கிற மாதிரியே பேசுவாய். அப்பனுக்கும் மகளுக்கும் நடிக்க வராது. நானும் பாத்திரத்தை உருட்டாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு அப்படி நின்றதில் ரசம் பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று. உங்கப்பா சிரித்தார். நீயும் அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. நாலு மாதத்தில் உன் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன், அதனால் ரசம் போனது பற்றி எனக்கு வருத்தமில்லை.

அன்றைக்கு நீ அப்பாவிடம் சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ வேலை பார்க்கிற ஊரில் தங்கம் எடுப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைத்த தண்ணீரில் போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின், மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். காற்றடித்தால் அந்தத் தூசி காயப்போட்ட துணியிலும் மூடாத சோற்றிலும் விழுகிறது. மழை பெய்தால் மண் கரைந்து கீழே இருக்கிற ஏரியில் இறங்குகிறது. அதையெல்லாம் சரிசெய்ய வந்த ஆட்களில் நீ ஒருத்தி. 'மேட்டு மேல புல்லு மொளச்சிடுச்சுல்ல, போதும், வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடுங்கறாங்கப்பா. அடியில தண்ணி எங்க போவுதுன்னு யாரும் கேக்கல. மாசக் கடைசிக்குள்ள போட்டாவணும்' என்று சொன்னாய். அப்பா, 'அம்மாவ வேணா கேக்கட்டுமா?' என்றார். நீ போனை வைத்துவிட்டாய். நீ என்னைக் கேட்கவில்லைதான். கேட்காமலே சொல்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும்.

முதலில் நமக்குள் இருக்கிற சண்டையைப் பேசிவிடுகிறேன். நீ கிளம்பிய அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், பஸ் எடுக்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மைன்ஸ் தோப்ப வெட்டப் போறாங்களாம்மா. நீ போயிச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க' என்றாய். நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் போனேன். நீ சொன்னது சரிதான், நான் சொன்னால் கேட்டார்கள். வெட்டுங்கள் என்று சொன்னேன், வெட்டிவிட்டார்கள். யாரோ படம் எடுத்துப் போட்டதை நீ பார்த்திருக்கிறாய். 'நீயாம்மா சொன்னே?' என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். 'ஆமா' என்று நானும் ஒரு வார்த்தைதான் அனுப்பினேன். இவ்வளவு பெரிய விஷயத்தை அந்தக் குட்டிப் பெட்டிக்குள் எப்படித் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதம்தான் அதற்குப் பதில்.

அந்தத் தோப்பு உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். வேலைக்கு நடந்த இன்டர்வியூவில்கூட, 'எங்கம்மா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல ஒரு காட்ட உண்டாக்கினவங்க, அதப் பாத்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்' என்று சொன்னதாகச் சொன்னாய். அதைக் கேட்டு உங்கப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

நான் மைன்ஸ் நர்சரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது நீ கைக்குழந்தை. நம் பக்கத்தில் கல் எடுப்பது எப்படி என்று நீயும் பார்த்து வளர்ந்தவள்தான். மேலே கரிசல் மண், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல். கல்லைத் தொடுவதற்கு முன்னால் மேலே இருக்கிற கரிசலை வழித்துத் தனியாகக் குவித்து வைக்கவேண்டும். கல் தீர்ந்ததும் குழியைக் களியாலும் கழிவுக் கல்லாலும் மூடி, வைத்திருந்த மேல்மண்ணைத் திரும்ப அதன் தலையில் பரப்பவேண்டும். அப்போதுதான் அது மறுபடியும் நிலம். அந்த நிலத்தை ஊருக்கே திருப்பித் தருவது என்பதுதான் ஆரம்பத்திலேயே பேசிய பேச்சு. பேசும்போது முன்னால் உட்கார்ந்திருந்தவர் சவரிமுத்து மாமா. அவருடைய கொல்லையில்தான் முதல் குழி விழுந்தது. பருத்தியும் மல்லியும் விளைந்த கொல்லை.

வழித்த மண்ணை எங்கே கொட்டுவது என்று டிப்பர்காரர்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். மண் குவியல் செத்துப்போகாமல் மேலே பசுந்தாள் செடிகளான கொழிஞ்சியும் சணப்பும் விதைத்துக் காப்பாற்றுவது என் பொறுப்பு, அதனால் என்னைக் கேட்டார்கள். நான் நர்சரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தைக் காட்டி, 'இங்கயே கொட்டுங்கண்ணே' என்றேன். ஏன் அந்த இடம் என்றால், என் ரப்பர் குழாய் அதுவரைக்கும்தான் எட்டும். காரணம் அவ்வளவுதான். அந்தப் பள்ளம் ஊர் ஏரிக்கு மழைத்தண்ணீர் வருகிற வரத்து வாய்க்கால் என்று எனக்குத் தெரியும், ஸ்டெல்லா. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடமாக மழை பொய்த்து, அதில் ஆடு படுத்துக்கொண்டிருந்தது. இதில் இனி எங்கே தண்ணீர் வரப்போகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நாளைக்குத்தானே, குழியை மூடும்போது மண்ணை எடுத்துவிடப் போகிறோமே என்றும் நினைத்துக்கொண்டேன்.

கொழிஞ்சி முளைத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் என்னை நல்ல வேலைக்காரி என்று சொல்லலாம். ஆனால் அந்த மண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். மற்ற இடங்களிலெல்லாம் களியிலும் சுண்ணாம்பிலும் கன்று வைத்து வைத்து, பத்துக்கு எட்டு கருகிப்போய், ஆபீசில் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இங்கே என்ன வைத்தாலும் கிடுகிடுவென்று வந்தது. வேம்பு வைத்தேன், புங்கன் வைத்தேன், நாவல் வைத்தேன். நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக உன்னைக் கோவிலிலிருந்து நேரே அங்கே கூட்டிப்போய், குவியலின் தெற்கு மூலையில் ஒரு புங்கங்கன்றை நடச் சொன்னேன். நீ கவுனில் கரிசலை அப்பிக்கொண்டு வந்தாய், உன் அத்தை என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டாள். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

நாலைந்து வருடத்தில் அது தோப்பாகிவிட்டது. ஆய்வுக்கு வருகிற ஆட்களை முதலில் அங்கேதான் அழைத்துப்போவார்கள். குழியைப் பார்க்கும் முன்னால் நிழலில் மோர் கொடுப்பார்கள். மோர் குடித்தவர்கள் குழியைப் பார்க்கும்போது முகம் கொஞ்சம் மலர்ந்திருக்கும். எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். நம் வீட்டு ஷோகேஸில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். நீ உன் சிநேகிதிகளைக் கூட்டிவந்து காட்டுவாய்.

இனிதான் நான் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சவரிமுத்து மாமா கொல்லையில் கல் தீர்ந்து, குழியை மூடி மேவிவிட்டார்கள். மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு, 'மேல்மண்ண எடுத்துப் பரப்பணும்மா, மரத்த வெட்டிட்டு மண்ண அள்ளிடலாம்' என்றார். நல்ல மனுஷர், சட்டப்படி பேசினார். நான் வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். நீ கேட்டுவிட்டாய். அந்த ராத்திரி முழுக்க அழுதாய். மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல், உன் மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உச்சிவெயிலில் நான் சோறு கொண்டுவந்தேன், வாயைத் திறக்கமாட்டேன் என்றாய். என் கூட வேலை பார்த்த பெண்களெல்லாம், 'பச்சப்புள்ளைக்கி இருக்குற மனசு இவங்களுக்கு இல்லியே' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலமே ஆபீசில் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன். 'மரங்கள் நன்கு வேரூன்றிப் பசுமைப் பரப்பாகிவிட்டபடியால், மண்ணை அகற்றுவது சுற்றுச்சூழலுக்கு உகந்ததல்ல' என்று அழகான தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் சார் படித்துவிட்டு, 'அப்ப அந்த நிலத்துக்கு என்னம்மா பண்றது?' என்று கேட்டார். 'பாத்துக்கலாம் சார்' என்றேன். அவருக்கும் செலவு மிச்சம், எனக்கும் தோப்பு மிச்சம்.

சவரிமுத்து மாமாவின் கொல்லை வெறும் களியோடு நின்றுபோயிற்று. அவர் விட்டுவிடவில்லை, விதைத்துப் பார்த்தார். மழை பெய்தால் வழுக்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். சோளம் ஒரு சாண் வந்து மஞ்சளாகிப் படுத்துவிடும். ஏரிக்கும் தண்ணீர் வரவில்லை, ஏனென்றால் மறுபடியும் மழை பெய்ய ஆரம்பித்த வருடங்களில் வாய்க்காலின் குறுக்கே என் தோப்பு நின்றது. தண்ணீர் அதில் முட்டித் திரும்பிக் கல் எடுக்கிற குழிக்குள் போய் விழுந்தது. ஊருக்கு உதவாத அந்த நீலத் தண்ணீரைத்தான் டவுனிலிருந்து வருகிற பையன்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். மாமா ஒருமுறை நர்சரிக்கு வந்து என் எதிரே நின்று, 'ஏம்மா, எங்க மண்ணு எங்க?' என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை, தெரியாமல்தான் கேட்டார். அவர் நின்றுகொண்டிருந்ததே அந்த மண்ணின் நிழலில்தான். நான், 'ஆபீசுல கேளுங்க மாமா' என்றேன்.

இவ்வளவு வருடத்தில் நான் செய்த தப்புகள் நிறைய. உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுப் பாதியில் மாற்றினேன். உன் சித்தப்பாவோடு ஒரு வேலிக்காக ஆறு வருடம் பேசாமல் இருந்தேன். அதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் ஊரே இதை நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மரம் நட்டதைப் போய்ப் பாவம் என்று சாமியாரிடம் எப்படிச் சொல்வது? அவரே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் என் பேரைச் சொல்லிப் பாராட்டியவர்.

இந்த வருடம் மொத்தச் சுரங்கத்தையும் மூடுகிறார்கள். புதிதாக வந்திருக்கிற ஆபீசர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். பழைய காகிதங்களைப் புரட்டி என் குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, ரிட்டயரான என்னைக் கூப்பிட்டனுப்பினாள். 'மேடம், நீங்க என்ன சொல்றீங்க? ஊர்ல பாதிப்பேரு வெட்டக்கூடாதுங்கறாங்க' என்றாள். அந்தப் பாதிப்பேரில் நீயும் ஒருத்தி. நீ போட்ட மனுவை என் முன்னாலேயே வைத்திருந்தாள். உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே, 'எடுத்துடுங்கம்மா. அது தோப்பு இல்ல, அது ஒருத்தரோட கொல்லை' என்றேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு, 'தெற்கு மூலையில இருக்குற புங்கமரம் உங்க பொண்ணு வச்சதாமே, அத மட்டும் விட்டுடலாமா?' என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அந்த மூலைதான் வாய்க்காலின் வாய். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு அதை விட்டால் தண்ணீர் முட்டித் திரும்பும். 'அதத்தான் மொதல்ல வெட்டணும்' என்றேன்.

உன்னைக் கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. கேட்டால் நீ அழுவாய். உன் அழுகையைக் கேட்டால் நான் மறுபடியும் அதே மாதிரி அழகான தமிழில் ஒரு குறிப்பு எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். உன்னை ஏமாற்றினேன் என்று நீ நினைப்பது நியாயம்தான். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். மரத்துக்காகக் கேட்கவில்லை.

வெட்டிய அன்று நானும் சவரிமுத்து மாமாவும் போய் நின்றோம். ஜேசிபி குவியலைப் பிளந்தபோது மேலே ஒரு முழம், ஒன்றரை முழம் வரைக்கும் மண் கருப்பாக, மண்புழுவோடு, ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே பார்த்தால் சாம்பல் நிறம், ஒரு புளிப்பு நாற்றம். அத்தனை உயரமாகக் குவித்து, அத்தனை வருடம் காற்றுப்படாமல் வைத்தால் மண் உள்ளேயே செத்துவிடும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். படித்ததை அன்றைக்குத்தான் கையில் அள்ளிப் பார்த்தேன். மாமா ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். 'மாமா, நாந்தான் இங்க கொட்டச் சொன்னேன். நாந்தான் எடுக்க வேணாம்னு எழுதிக் குடுத்தேன்' என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டு, 'தெரியும்மா' என்றார். கையிலிருந்த பிடியை உதிர்த்துவிட்டு, 'பாதி செத்துப்போச்சு. பாதி இருக்கு. பரப்பச் சொல்லு' என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை என் வீட்டு வாசல்படி ஏறவில்லை. பார்த்தால் தலையசைப்பார். அது போதும் எனக்கு, அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

பரப்பி, மடித்து உழுது, சணப்பு விதைத்திருக்கிறது. ஒரு பக்கம் இடுப்பளவு நிற்கிறது, ஒரு பக்கம் மொட்டையாகக் கிடக்கிறது. சரியாக இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ, அதை நான் பார்ப்பேனோ என்னவோ. ஐப்பசி மழையில் வாய்க்காலில் தண்ணீர் போயிற்று. ஏரி நிரம்பிவிடவில்லை, மதகுப் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. எருமைகள் இறங்கிக் கிடக்கின்றன. உங்கப்பா தினமும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, 'இன்னிக்கி ஒரு வெரக்கடை ஏறியிருக்கு' என்று ஏதோ அவரே ஊற்றிவிட்டு வந்த மாதிரி சொல்கிறார்.

இப்போது உன் மேட்டுக்கு வருகிறேன். அங்கே புல் பச்சையாக இருப்பதாகச் சொன்னாய். சந்தோஷம். ஆனால் பச்சையைப் பார்த்தால் நமக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும், உன் அம்மாவுக்கு ஆனது அதுதான். அந்தப் புல்லைக் கொஞ்சம் பிடுங்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு மேட்டின் அடிவாரத்தில் நில், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அதன் கூடவே நடந்து போய்ப் பார். துணி காயப்போடுகிற பெண்களிடம் கேள். அவர்கள் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், தண்ணீரைப் பற்றியும் தூசியைப் பற்றியும்தான் சொல்வார்கள். உன்னிடம் யாராவது வந்து, 'எங்க தண்ணி எங்க?' என்று கேட்டால், ஆபீசில் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒரு வார்த்தைதான், நான் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. வேலை போகும், வீட்டுக்கடன் இருக்கிறது, அவர்கள் வேறொருத்தரை வைத்துப் போட்டுக்கொள்வார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் எழுதிய குறிப்பை யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்கவில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அழகாக எழுத வருகிறதென்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி. வேலையே போனாலும் வீட்டுக்கு வா. ஷோகேஸில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, ஷீல்டை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். உங்கப்பா அங்கே அவருடைய ரேடியோவை வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் ஆபீசிலிருந்து அந்தப் பெண் எனக்குப் படம் ஒன்று அனுப்பினாள். வாய்க்காலின் வாயில் உன் மரத்தின் அடிக்கட்டை துளிர்விட்டிருந்தது. புங்கனை வெட்டினாலும் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். 'பாருங்க மேடம், உங்க பொண்ணுக்கு அனுப்புங்க, சந்தோஷப்படுவாங்க' என்று கீழே எழுதியிருந்தாள். அனுப்பினால் நீ பேசிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அனுப்பவில்லை. விட்டால் இரண்டு வருடத்தில் புதராகி மறுபடியும் தண்ணீரை மறிக்கும். நேற்றுக் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, நானே போய்க் கிள்ளினேன். பதினோரு துளிர் இருந்தது.

அம்மா